சத்தம் போடாத கம்ப்யூட்டர்: பாகம் வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: பகலில் 4கே வீடியோ எடிட்டிங், இரவில் கேம். பின்னணிக் குரலையும் அதே அறையில்தான் பதிவு செய்கிறேன். அதனால் கம்ப்யூட்டர் ஓடுவதே தெரியக் கூடாது. பட்ஜெட் தாராளம். ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர், முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி போட்ட கேபினட், ஆர்ஜிபி ஃபேன் ஒன்பது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

பதில்: வேகத்துக்கு இந்தப் பட்டியலில் ஒரு குறையும் இல்லை. அமைதிக்குத்தான் சரிப்படாது. கம்ப்யூட்டர் சத்தம் என்றால் பெரும்பாலும் ஃபேன் சத்தம். ஃபேன் சுற்றுவது சூட்டை வெளியேற்ற. சூடு என்பது நீங்கள் எரிக்கும் வாட். ஆகவே முதலில் போட வேண்டியது வாட் கணக்கு. கேபினட், கூலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

5090 கார்டின் மின்வரம்பு 575 வாட். அதற்குக் கீழ்ப் படியில் உள்ள 5080-க்கு 360, 5070 டிஐ-க்கு 300. கேம் ஓடும்போது பிராசஸர் எடுப்பதோ பெரும்பாலும் நூறு வாட்டை ஒட்டித்தான் இருக்கும். பெட்டிக்குள் கொட்டும் சூட்டில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுடையது. நீங்கள் விலை உயர்ந்த கூலரை மாட்டப் போவதோ பிராசஸர் மேல். அமைதியான கம்ப்யூட்டர் வேண்டும் என்று கிளம்புகிற பலரும் சறுக்குகிற இடம் இதுதான்.

5090 வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் 32 ஜிபி கார்டு மெமரி 8கே டைம்லைனுக்கும் படத்தின் புள்ளிப் பிசிறை நீக்கும் கனமான நாய்ஸ் ரிடக்ஷனுக்கும் உதவும். உங்கள் வேலை 4கே-யோடு நின்றுவிடும் என்றால் 16 ஜிபி உள்ள 5080 அல்லது 5070 டிஐ போதும், பெட்டிக்குள் 200 வாட்டுக்கு மேல் சூடு மிச்சம். இல்லை, 5090-தான் வேண்டும் என்றால் வாங்கிய அன்றே ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். சுமார் 400 வாட்டில் வந்து நிற்கும். வேகம் குறைவது பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான். இந்தக் கார்டுகளில் கடைசிச் சில சதவீத வேகத்தைப் பிழிந்தெடுக்கத்தான் கண்டபடி மின்சாரம் செலவாகிறது.

ஒரே சிப்பை வைத்துப் பல கம்பெனிகள் கார்டு செய்கின்றன. சிப் ஒன்றாக இருந்தாலும் சத்தம் ஒன்றாக இருக்காது. தடிமனான ஹீட்சிங்க், பெரிய ஃபேன் உள்ள மாடலைப் பாருங்கள். சிலவற்றில் கார்டின் விளிம்பில் ஒரு பொடி சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் வேகத்துக்கான பயாஸ் (கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்), மறுபக்கம் தள்ளினால் அமைதிக்கான பயாஸ். பெட்டியில் வரும்போது பெரும்பாலும் வேகத்தின் பக்கமே இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. விமர்சனங்களில் டெசிபல் எண்ணை ஒப்பிடும்போது ஒரே தளத்தின் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்து ஃபேன். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஆனால் ஒரு ஃபேனோடு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, நிறைய ஃபேன் வைத்து மெதுவாகச் சுற்ற விடுவதே லாபம். ஒன்பது என்ற எண்ணிக்கையில் தப்பில்லை. 120-க்குப் பதில் 140 மில்லிமீட்டர் வாங்குங்கள். அதே காற்றை இன்னும் குறைந்த சுற்றில் தள்ளும். 140-இல் ஐந்தாறு இருந்தாலே தாராளம். விளக்கு எரிகிறதா என்பதை விட, நிமிடத்துக்கு 500 சுற்றில் பேரிங் கடகடக்காமல் ஓடுகிறதா என்பதே முக்கியம்.

முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காற்று இழுக்கிற பக்கத்தை மூடிவிட்டால் ஃபேன் அதே குளிர்ச்சிக்கு இரட்டிப்பாக உழைக்க வேண்டும். உள்ளே நுரை ஒட்டி எல்லாப் பக்கமும் மூடி, ‘சைலன்ட்’ என்று பெயர் வைத்து வரும் கேபினட்டும் இந்த வாட்டுக்கு எடுபடாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடுகிற கதைதான். நுரை, கீச்சென்ற உயர் அதிர்வெண் சத்தத்தை ஓரளவு விழுங்கும். ஆனால் உள்ளே சூடு ஏறி ஃபேன் வேகம் கூடிவிட்டால் லாபம் அத்தனையும் போச்சு. முன்பக்கம் கம்பிவலை போட்ட, உள்ளே விசாலமான கேபினட் எடுங்கள்.

லிக்விட் கூலர் விஷயத்தில் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். முழு நேரமும் ரெண்டர் ஓடுகிற, 200 வாட்டுக்கு மேல் தின்கிற பிராசஸர் என்றால் 360 ரேடியேட்டருக்கு அர்த்தம் உண்டு. மற்றபடி நாக்டுவா என்ஹெச்-டி15 ஜி2 மாதிரி இரட்டைக் கோபுர ஏர் கூலரே உங்களுக்கு நல்லது. காரணம், லிக்விட் கூலரில் திரவத்தைச் சுற்ற விடும் பம்ப். ஃபேனை நிறுத்தலாம், பம்பை நிறுத்த முடியாது. சும்மா இருக்கும்போதும் மெல்லிய ரீங்காரம் வரும். குரல் பதிவில் முதலில் மாட்டுவது அதுதான். ஏர் கூலர் வாங்குவதானால் அதன் உயரம் கேபினட்டுக்குள் அடங்குமா, ரேம் குச்சியின் மேல் இடிக்குமா என்று இரண்டு அளவையும் பார்த்துவிடுங்கள்.

குரல் பதிவுக்கு ஒரு வசதி ஏற்கனவே இருக்கிறது. இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை குளிர்ந்திருக்கும்போது ஃபேனை முற்றிலும் நிறுத்திவிடும். எனவே குரலைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட் போடுங்கள். முந்தைய ரெண்டரின் சூடு அடங்கும் முன் மைக்கைத் திறந்தால் எந்தப் பாகம் வாங்கியும் பயனில்லை.

கேள்வி: பிராசஸர்தான் குழப்பம். கேமுக்கு ஏஎம்டியின் ரைசன் எக்ஸ்3டி என்கிறார்கள், எடிட்டிங்குக்கு இன்டெல் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இரண்டு தரப்பையும் விடுங்கள். உங்கள் கேமராவின் மெனுவைத் திறந்து எந்த ஃபார்மட்டில் பதிவாகிறது என்று பாருங்கள். பதில் பாதி அங்கேயே இருக்கிறது.

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் ஹெச்.265, 10-பிட், 4:2:2 என்றொரு வகை இருக்கும். கலர் கிரேடிங்குக்கு நல்லது என்று பலரும் அதிலேயே எடுப்பார்கள். இந்த 4:2:2-வை வன்பொருளில் பிரித்துக் காட்டும் வசதி எல்லாச் சிப்பிலும் கிடையாது. இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில், அதாவது குயிக் சிங்க்கில், 11-ஆம் தலைமுறை முதல் உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் வந்தது. 40 வரிசையில், 4090 உட்பட, இல்லை. ரைசனின் உள் கிராபிக்ஸிலும் இல்லை. ரைசனும் 4090-ம் வைத்திருக்கும் ஒருவர் டைம்லைனில் இழுத்தால் படம் தடுக்கித் தடுக்கி வருவதும், அதைவிட மலிவான இன்டெல் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுவதும் இதனால்தான். அந்த நேரத்தில் முழுப் பாரமும் பிராசஸர் கோர்கள் மேல் விழுகிறது. ஃபேன் சத்தமும் கூடவே ஏறுகிறது.

ஆக, உங்கள் கார்டு 50 வரிசை என்றால், எடிட்டிங் மென்பொருளின் உங்கள் பதிப்பு அந்த வசதியைப் பயன்படுத்துகிறதா என்று உறுதி செய்துகொண்டு, ரைசன் பக்கம் தைரியமாகப் போகலாம். பழைய கார்டையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், காட்சிகளும் 4:2:2 என்றால் கோர் அல்ட்ரா 7 265கே போன்ற இன்டெல் சிப் வேலையைச் சுலபமாக்கும். வாங்கும்போது பெயர் ‘எஃப்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை, குயிக் சிங்க்கும் இல்லை. கொஞ்சம் விலை குறைகிறதே என்று அதை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ரைசனில் எது? கேம்தான் பிரதானம் என்றால் எட்டு கோர் உள்ள 9800எக்ஸ்3டி. எடிட்டிங்கில்தான் பிழைப்பு என்றால் பதினாறு கோர் உள்ள 9950எக்ஸ்3டி. பின்னதன் டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் அளவு, 170 வாட். மதர்போர்டின் பயாஸில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும், அதில் 105 வாட் வைத்துவிட்டால் ரெண்டர் சற்று மெதுவாகும், கேமில் வித்தியாசம் தெரிவதே அரிது, கூலர் நிம்மதியாக இருக்கும். நான் என்றால் அப்படியே வைத்துக்கொள்வேன்.

கேமராவையும் கம்ப்யூட்டரையும் இப்போது மாற்ற முடியாது என்கிறவர்கள் ப்ராக்ஸி, அதாவது காட்சிகளின் எடை குறைந்த நகல், போட்டு வேலை செய்யலாம். அதற்குக் காசு செலவில்லை.

கேள்வி: புதுக் கார்டு. ஃபேன் நின்றிருந்தாலும், கேம் திறந்தவுடன் ‘கிர்ர்ர்’ என்று பூச்சி கத்துவது போல ஒரு சத்தம். கடையில் கேட்டால் “இதெல்லாம் நார்மல் சார்” என்கிறார்கள். மாற்றித் தர மாட்டார்களா?

பதில்: காயில் வைன் என்பார்கள். கார்டில் மின்சாரத்தைச் சீராக்கும் காயில்கள் அதிர்வதால் வருகிறது. கார்டுக்கு ஆபத்தில்லை, ஆயுளும் குறையாது. கடைக்காரர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கம்பெனிகள் இதை வாரன்டியில் பழுதாக எடுத்துக்கொள்ளாது என்பதுதான் வருத்தம். ஒரே மாடலில் ஒரு கார்டு கத்தும், இன்னொன்று கத்தாது. விமர்சனம் படித்து இதைத் தவிர்க்க முடியாது.

முதலில் கேம் எந்த இடத்தில் இருக்கும்போது சத்தம் அதிகம் என்று கவனியுங்கள். மெனுத் திரையில்தான் என்றால் விஷயம் சுலபம். அங்கே வரைய ஒன்றுமில்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைத் தள்ளிக்கொண்டிருக்கும். என்விடியா செயலியில் ஃபிரேம் ரேட் வரம்பு வைத்தால், உதாரணமாக 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 138, சத்தம் சட்டென்று அமுங்கும், வாட்டும் குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பவர் லிமிட்டைக் குறைத்துப் பாருங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: காரணம் கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் வாங்குங்கள். பில்லில் எத்தனை நாள் கெடு என்று பார்த்து, அதற்குள் கனமான கேம் ஒன்றையும் பெரிய எக்ஸ்போர்ட் ஒன்றையும் ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கெடு தாண்டினால் வாரன்டி ஒன்றுதான் மிச்சம், அது இந்த விஷயத்தில் பெரும்பாலும் கை கொடுக்காது. அட்டைப் பெட்டியை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பிரவுசர் திறந்தாலே ஃபேன் உறுமி, இரண்டு நொடியில் அடங்குகிறது. மறுபடி உறுமுகிறது. கூலரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். கூலர் நன்றாகவே இருக்கிறது. பிராசஸர் சூடு ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், உடனே இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடுகிறது. பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போய் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’ போன்ற பெயரில் இருக்கும் தாமதத்தைச் சில நொடிகள் கூட்டுங்கள். 60, 65 டிகிரி வரை ஃபேன் வேகம் மாறாதபடி அங்குள்ள வரைபடத்தின் கோட்டைப் படுக்கையாக வையுங்கள். கேபினட் ஃபேன்களை முடிந்தால் கிராபிக்ஸ் கார்டின் சூட்டோடு இணைத்துவிடுங்கள். ஒரே சீராக வரும் சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் எரிச்சல்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வாட்? கோல்டு முத்திரை போதுமா?

பதில்: 5090-க்கு என்விடியா பரிந்துரைப்பது 1000 வாட், 5080-க்கு 850. அமைதி வேண்டும் என்றால் அதற்கு ஒரு படி மேலே வாங்குங்கள். பாரம் குறைவாக இருக்கும்போது அதன் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், சிலவற்றில் நின்றேவிடும். 80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. சத்தத்தைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை கிடையாது. சத்தத்துக்குத் தனியாகத் தரம் போடுவது சைபெனெட்டிக்ஸ் என்ற சோதனை நிறுவனம். அதில் ஏ++ என்றால் சராசரியாக 15 டெசிபலுக்கும் கீழே.

கார்டுக்குப் போகும் பதினாறு முனைக் கேபிளை அரைகுறையாகச் செருகினால் உருகும். உருகிய படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். க்ளிக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள், இடைவெளி தெரிகிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், செருகும் முனையிலிருந்து 3, 4 சென்டிமீட்டர் வரை வளைக்காதீர்கள். கண்ணாடிக் கதவு கேபிளை நசுக்கும் அளவுக்கு ஒடுக்கமான கேபினட் என்றால் அதையே வாங்காதீர்கள்.

கேள்வி: ரேம் இப்போது 32 ஜிபி போட்டு, பிறகு இன்னும் இரண்டு குச்சி சேர்க்கலாமா? பழைய காட்சிகள் நிறைந்த நான்கு ஹார்டு டிஸ்க்கும் இருக்கின்றன.

பதில்: டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் விழும். ரைசன் 9000-க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு, இரண்டு குச்சிக்கு 5600 எம்டி/எஸ் வேகம், நான்குக்கு 3600. முதலிலேயே 32 ஜிபி குச்சி இரண்டாக, மொத்தம் 64 ஜிபி வாங்கிவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க் நான்கையும் கேபினட்டுக்குள் வைத்தால் மேலே சொன்ன எதுவும் பயன் தராது. அவை சுழல்வதை விட, தகரத்தோடு சேர்ந்து அதிர்வதுதான் காதில் விழும். வேலை நடக்கும் காட்சிகளுக்கு 2 அல்லது 4 டிபி எஸ்எஸ்டி. பிசிஐஇ 4-ஆம் தலைமுறையே போதும், 5-ஆம் தலைமுறையில் தலையில் குட்டி ஃபேனோடு வருகிறவற்றைத் தொடவே வேண்டாம். பழையதெல்லாம் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி), வேறு அறையில், நெட்வொர்க் கேபிளின் மறுமுனையில் இருக்கட்டும்.