'கிராஷ்' திரைப்படம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் இனப் பகைமையை நேர்மையாகக் காட்டுகிறதா?

பாதி அளவுக்கு நேர்மையாகக் காட்டுகிறது என்பேன். ஆனால் அந்த நேர்மை, பலரும் வியந்து பேசும் காட்சிகளில் இல்லை.

பால் ஹாகிஸ் இயக்கிய இந்தப் படம் 2005இல் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகி, 2006இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. படத்தைப் பார்த்தவர்கள் முதலில் நினைவுகூர்வது மேட் டில்லன் ஏற்ற காவலர் வேடத்தைத்தான். வாகனச் சோதனை என்ற பெயரில் ஒரு கறுப்பினத் தம்பதியை இரவில் நிறுத்தி, கணவனின் கண்ணெதிரிலேயே மனைவியிடம் அத்துமீறும் அவர், மறுநாள் கவிழ்ந்து கிடக்கும் காருக்குள் தீ பரவும் வேளையில் அதே பெண்ணை உயிரைத் துச்சமென மதித்து மீட்கிறார். படமாக்கிய விதத்தில் குறையே இல்லை. ஆனாலும் இழைத்த குற்றத்துக்கு யாரிடமும் பதில் சொல்லாமலேயே அவர் மீட்பராகிவிடுவதையும், அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தை அதற்குப் பிறகு எவருமே விசாரிக்காததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு முக்கியமாகப்படுபவை அலுவலக அறைகளில் நடக்கும் சிறு காட்சிகளே. அந்தக் காவலருடன் இனிப் பணிபுரிய முடியாது என்று இளைய காவலர் முறையிடும்போது, கறுப்பினத்தவரான மேலதிகாரி அதைப் புகாராகப் பதியவே விரும்புவதில்லை. இனவெறி ஊறிய இந்தத் துறையில் தான் இந்த இடத்துக்கு வரப் பட்ட பாட்டையும், அது எவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதையும் சுட்டிக்காட்டி, வேறு ஏதேனும் சொந்தக் காரணம் சொல்லி இடம் மாறிக்கொள்ளும்படி கூறிவிடுகிறார். இன்னோர் அறையில், டான் சீடில் நடித்த துப்பறிவாளர் ஒரு வழக்கின் முக்கியத் தடயத்தைப் பற்றி வாய் திறக்காமலிருந்தால், அவருடைய தம்பியின் மீதுள்ள வழக்கு மறைந்துவிடும் என்று அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞரின் ஆள் பேரம் பேசுகிறார். அவரும் இணங்கிவிடுகிறார். இங்கே யாரும் யாரையும் வெறுத்துக் கத்துவதில்லை. அநீதி கோப்புகளுக்குள் ஓசையின்றி நிலைபெறுகிறது.

இந்த நகரத்தின் வரலாறு அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு உண்மை என்பது விளங்கும். ராட்னி கிங் என்ற கறுப்பின வாகன ஓட்டியை அடித்து நொறுக்கிய வழக்கில் காவலர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று 1992 ஏப்ரலில் தீர்ப்பு வந்ததும் வெடித்த கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்களைக் கொதிக்கச் செய்தது நான்கு காவலர்களின் மனக்கசப்பு மட்டுமன்று. அவர்களைக் காத்து நின்ற துறையும் நீதிமன்றமுமே.

ஹாகிஸோ பெரும்பாலும் இனவெறியைத் தனிமனிதர்களின் தனிமையிலும் அச்சத்திலும் தேடுகிறார். அதனால் ஒரு விபத்தோ ஓர் அணைப்போ அதைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை படமெங்கும் பரவிவிடுகிறது. அந்த மேலதிகாரிக்கும் அந்தப் பேரக்காரருக்கும் கதையில் இன்னும் சற்று இடம் கிடைத்திருந்தால், இதை நான் தயங்காமல் பெரிய படம் என்று சொல்லியிருப்பேன்.