அனுப்பும்போது மட்டும் பிழைச் செய்தி வருகிறது: கணக்கை அழித்துவிட்டு மறுபடியும் சேர்க்கலாமா?

கேள்வி இதுதான்: "மேசைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை வைத்திருக்கிறேன். வரும் மின்னஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. அனுப்பினால் மட்டும் பிழைச் செய்தி காட்டுகிறது. கணக்கை அழித்துவிட்டு மறுபடியும் சேர்த்தால் சரியாகுமா?"

அழிக்காதீர்கள். இதைச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் திருகோணமலையில் கணினி திருத்துகிறவன். இந்த வேலையைத் தொடங்கிய புதிதில் உப்புவெளியில் சிறு விடுதி நடத்தும் ஓர் அக்கா கூப்பிட்டார். உங்களுக்கு வந்திருக்கும் அதே கோளாறு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்த காலம் அது. பிழைச் செய்தியை முழுதாக வாசிக்கவே இல்லை. கணக்கை அழித்தேன், கூடவே கடிதங்களையும் நீக்கவா என்று கேட்ட பெட்டிக்கும் 'ஆம்' என்று அழுத்திவிட்டேன். அந்தக் கணக்கு பாப்3 முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, அவர் வைத்திருந்த அமைப்பில், கடிதங்கள் சேவையகத்திலிருந்து இறக்கப்பட்டதும் அங்கே அழிந்துவிடும். இருப்பது இந்த வன்தட்டில் மட்டும். மூன்று பருவத்து முன்பதிவுக் கடிதங்கள் ஒரே அழுத்தில் போயின. அக்கா திட்டவில்லை. "சரி தம்பி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்றார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். உண்மையான கோளாறு என்ன தெரியுமா? அவர் முந்தைய வாரம் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்; அனுப்பும் பக்கத்தில் பழையதே கிடந்தது.

வருவதும் போவதும் ஒரே கதவு என்று நாம் நினைக்கிறோம். ஐமேப் அல்லது பாப்3 சேவையகம் கடிதத்தைக் கொண்டுவருகிறது. எஸ்எம்டிபி சேவையகம் கொண்டுபோகிறது. பெரும்பாலும் முகவரி வேறு; போர்ட் எண் (சேவையகத்தின் எந்த வாசல் என்று சொல்லும் எண்) வேறு. தண்டர்பேர்ட் இரண்டுக்குமான கடவுச்சொற்களையும் தனித்தனியாகத்தான் சேமித்து வைக்கிறது. ஆகவே ஒன்று வேலை செய்வதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கணக்கு அமைப்புகளைத் திறந்தால் இடப்பக்கப் பட்டியலின் அடியில், எல்லாக் கணக்குகளுக்கும் கீழே, வெளிச்செல்லும் சேவையகம் தனியாக இருக்கும். அங்கே போய்ப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

இப்போது பிழைச் செய்திக்கு வருவோம். அது எப்போது வந்தது? அனுப்பு பொத்தானை அழுத்தியவுடன் பெட்டியாக எழும்பியதா, அல்லது கடிதம் போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கையில் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு கடிதமாகத் திரும்பி வந்ததா? தபாற்கந்தோர் முகப்பிலேயே கடிதத்தை வாங்க மறுப்பது முதலாவது. வாங்கி முத்திரை குத்தி அனுப்பிய பிறகு, "இந்த விலாசத்தில் அப்படி எவரும் இல்லை" என்று திரும்புவது இரண்டாவது. இரண்டாவதென்றால் உங்கள் கணினியில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலும் அதில் 550 என்றும் 5.1.1 என்றும் இருக்கும்; பெறுநரின் முகவரியில் ஓர் எழுத்து தவறியிருக்கும். அதற்காக அமைப்புகளில் கை வைத்தால் இல்லாத கோளாற்றை நீங்களே உண்டாக்குவீர்கள்.

பெட்டியாக வந்ததென்றால், அதற்குள் ஒரு மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். "செய்தியை அனுப்ப முடியவில்லை" என்பது மென்பொருளின் புலம்பல், அதை விட்டுவிடலாம். "அஞ்சல் சேவையகம் இவ்வாறு பதிலளித்தது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதற்குப் பின்னால் உள்ளதுதான் சேவையகம் தன் வாயால் சொன்னது. மைக்ரோசாப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்காக இருந்தால் பூச்சியத்தில் தொடங்கும் நீளமான குறியீடு ஒன்றையும் காட்டும். அது அவுட்லுக் தனக்காக வைத்துக்கொண்டது. அதையும் தாண்டி வாசியுங்கள்.

இந்த மூன்று இலக்க முறை புதியதல்ல. இணைய விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலேயே இருக்கிறது. முதல் இலக்கம் 2 என்றால் சரி. 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியாது, அவ்வளவுதான். 4 வந்தவர்கள் செய்யும் தவறு, அனுப்பு பொத்தானை இருபது முறை அழுத்துவது. திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றால் சில சேவையகங்கள் இன்னும் சிறிது நேரம் உங்களைத் தள்ளி வைக்கும். அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள்.

5இல் தொடங்குபவற்றில் என்னிடம் அதிகம் வருவது 535. பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். "கடவுச்சொல் சரியாகத்தானே இருக்கிறது, உலாவியில் அதே சொல்லைப் போட்டுத் திறக்கிறேனே" என்று என்னோடு வாதாடுவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஜிமெயில் 2022 மே 30இலிருந்து வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வெளி மென்பொருள்கள் உள்நுழைவதை நிறுத்தத் தொடங்கியது. தனிநபர் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாப்ட் 2024 செப்டெம்பர் 16இல் அதே கதவை மூடியது. தண்டர்பேர்டில் இதற்கு வழி எளிது: வெளிச்செல்லும் சேவையகத்தின் அமைப்பில் உறுதிப்படுத்தும் முறையை 'ஓஆத்2' (கடவுச்சொல்லை மென்பொருளிடம் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் முறை) என்று மாற்றுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது உலாவி போன்ற ஒரு சாளரம் திறந்து அனுமதி கேட்கும். கொடுத்தால் முடிந்தது.

ஓஆத்2 தெரியாத பழைய மென்பொருள் என்றால், ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 'செயலிக் கடவுச்சொல்' ஒன்றை உருவாக்க வேண்டும். பதினாறு எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். உங்கள் வழக்கமான கடவுச்சொல்லின் இடத்தில் அதைப் போடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தப் பதினாறு எழுத்தும் செல்லாமல் போய்விடும். ஆறு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று 535 என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அண்மையில் கைத்தொலைபேசி மாற்றினீர்களா? அப்போது கடவுச்சொல்லையும் மாற்றினீர்களா?" என்பதுதான். அநேகமாக ஆம் என்பார்கள்.

சொந்த டொமைன் (தங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி) வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு வருவது வேறு: 554, "ரிலே மறுக்கப்பட்டது". சேவையகத்திடம் நீங்கள் யாரென்றே சொல்லாமல் கடிதத்தை நீட்டுகிறீர்கள் என்பதே அதன் பொருள். தொடக்க காலத்து எஸ்எம்டிபியில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. எவரும் எவருடைய சேவையகத்தின் வழியாகவும் அனுப்பலாம். குப்பை அஞ்சல் பெருகிய பிறகு 1999இல்தான் அனுப்புகிறவர் தன்னை உறுதிப்படுத்தும் முறை வகுக்கப்பட்டது. பழைய அவுட்லுக்கில் "வெளிச்செல்லும் சேவையகத்துக்கு உறுதிப்படுத்தல் தேவை" என்று ஒரு சிறு கட்டம் மூன்று சாளரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதில் டிக் போட்டால் 554 ஓடிவிடும்.

553 வந்து, "அனுப்புநர் முகவரி இந்தப் பயனருடையதல்ல" என்றால், இரண்டு கணக்கு வைத்திருந்து ஒன்றின் கடிதத்தை மற்றொன்றின் சேவையகம் வழியாக அனுப்புகிறீர்கள். கணக்கின் அமைப்பில் அதற்குரிய சேவையகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

552 என்றால் கடிதத்தோடு இணைத்த கோப்பு பெரிது. இதில் ஓர் எண்கணக்கு இருக்கிறது. நில அளவையாளர் ஒருவர், "எல்லை 25 எம்பி, என் வரைபடம் 20 எம்பிதான், ஏன் போகவில்லை?" என்று கோபத்தோடு வந்தார். மின்னஞ்சலில் கோப்பு அப்படியே போவதில்லை. ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போகிறது. வரி முறிவுகளையும் சேர்த்தால் 20 எம்பி என்பது 27ஐத் தாண்டும். அவருடைய சேவையகம் பார்ப்பது அந்த 27ஐத்தான். அத்தகைய கோப்பை இணையக் களஞ்சியத்தில் ஏற்றிச் சுட்டியை அனுப்புங்கள். அவுட்பாக்ஸில் மாட்டிக்கொண்டிருக்கும் பெரிய கடிதத்தையும் நீக்குங்கள். அது அங்கேயே கிடந்து ஒவ்வொரு முறையும் பிழைப் பெட்டியை எழுப்பும். அவுட்லுக் நீக்க விடாவிட்டால் அதை இணையத் தொடர்பில்லா நிலைக்கு மாற்றிவிட்டு நீக்குங்கள்.

எண்ணே இல்லாமல், வெறுமனே "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால்? சேவையகம் எதையும் சொல்லவில்லை. அதன் வாசலுக்கே நீங்கள் போய்ச் சேரவில்லை. போர்ட் எண்ணைப் பாருங்கள். துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை: எந்தக் கப்பலும் எந்தத் துறையிலும் கட்ட முடியாது. 25 என்பது சேவையகங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கானது. குப்பை அஞ்சலைத் தடுக்கப் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்துவிடுகின்றன. நமக்குரியவை 587ம் 465ம். 587 என்றால் பாதுகாப்பு 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. 465 என்றால் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. இரண்டும் குறியாக்கும் முறைகள்தான்; முதலாவதில் வணக்கம் சொன்ன பிறகு குறியாக்கம் தொடங்கும், இரண்டாவதில் முதலிலிருந்தே. இதை மாற்றிப் போட்டால் நடப்பது வேடிக்கை. 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால், சேவையகம் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று உங்கள் மென்பொருள் காத்திருக்கும். குறியாக்கப் பேச்சை நீங்கள் தொடங்குங்கள் என்று சேவையகம் காத்திருக்கும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மற்றவர் வாய் திறக்கட்டும் என்று பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதைப் போல. கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று பெட்டி வரும்.

போர்ட் சரியென்றால் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். போனால் குற்றவாளி உங்கள் ரவுட்டரோ இணைப்போதான். போகாவிட்டால் வைரஸ் தடுப்பானின் அஞ்சல் சோதனையை மட்டும் சற்று நிறுத்திப் பாருங்கள். முழுத் தடுப்பானையும் அணைத்துவிட்டு மறந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேவையகம் தான் யாரென்று காட்டும் அடையாள அட்டைதான் சான்றிதழ். அது பற்றிய பிழைக்கு ஒரு கதை உண்டு. உவர்மலையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். "தம்பி, காலையில் அனுப்ப முடிவதில்லை, நீங்கள் வந்து தொட்டால் போகிறது, இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை" என்றார். மூன்று முறை போனேன். மூன்றாம் முறைதான் திரையின் மூலையில் இருந்த திகதியைப் பற்றி யோசித்தேன்: 2010 ஜனவரி 1. முந்தைய இரண்டு முறையும் திகதி தவறாக இருந்ததைக் கண்டு, யோசிக்காமல் திருத்திவிட்டு வந்திருக்கிறேன். சேர் மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றிவிடுவார். தாய்ப்பலகையின் பற்றரி செத்துக் கிடந்தது. மின்சாரம் அறுந்ததும் கணினி தன் பழைய திகதிக்குப் போய்விடும். அந்தத் திகதியில் நின்று பார்த்தால் சேவையகத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. வழக்கமான அமைப்பில், வேறுபாடு பல மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸும் தானாகக் கடிகாரத்தைத் திருத்துவதில்லை.

"அப்படியென்றால் கடிதங்கள் மட்டும் எப்படி வந்தன?" என்று சேர் கேட்டார். கணித ஆசிரியர் அல்லவா, விடமாட்டார். வரும் வழிக்கு அவர் பழைய 110 போர்ட்டைக் குறியாக்கம் இல்லாமல் வைத்திருந்தார். அங்கே சான்றிதழைக் கேட்பார் இல்லை. அனுப்பும் வழியில்தான் டிஎல்எஸ் இருந்தது. அன்றே அதை 995க்கு மாற்றினேன்.

பற்றரி சிஆர்2032. அந்த எண்ணே அதன் அளவு: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சேருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று; அடிமட்டம் எடுத்து அளந்தார். பெட்டியைத் திறப்பதுதான் பெரும்பாடு. கடற்காற்றில் திருகாணிகள் நான்கும் துருவேறி, மூன்று வந்தன, நான்காவதன் தலை தேய்ந்து போனது. இன்றும் அந்தப் பெட்டி மூன்று ஆணியில்தான் நிற்கிறது.

விண்டோஸ் 7இல் இருக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. அதில் பழைய அவுட்லுக் தானாக டிஎல்எஸ் 1.2ஐ எடுப்பதில்லை, சேவையகங்களோ 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டு வருகின்றன. 2020 ஜனவரியில் ஆதரவு நின்ற மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கணினி தாங்குமானால் புதியதற்கு மாறுங்கள். தாங்காவிட்டால் உலாவியிலேயே மின்னஞ்சலைப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி அனுப்புங்கள். படம் எடுத்தால் அடிவரி வெட்டுப்படாமல் இருக்கட்டும். எனக்கு வேண்டியது அதில்தான் இருக்கும். மின்னஞ்சல் முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள்.