காதலர்கள் சேர்ந்த பிறகு தொடரில் சுவை குறைவது பற்றி

வணக்கம். 200 பகுதிகளுக்கு மேல் ஆவலோடு பார்த்துவந்த தொடரில் நாயகனும் நாயகியும் இணைந்த நாளிலிருந்து அதைப் பார்க்கவே மனம் வரவில்லை என்றும், உங்கள் ரசனையில்தான் ஏதோ குறை இருக்கிறதோ என்றும் கேட்டிருந்தீர்கள். குறை உங்களிடம் இல்லை.

சொல்ல வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு ஒருவர் திரும்பி நடப்பதையும், மற்றவர் அதைக் கவனித்தும் கவனியாததுபோல் நிற்பதையும், அவர்கள் இருவருமே அறியாத ஒன்றைப் பார்வையாளராகிய நீங்கள் மட்டும் அறிந்திருப்பதையும்தான் இத்தனை நாளும் ரசித்திருக்கிறீர்கள். அவர்கள் இணைந்ததும் அந்த இரகசியம் தீர்ந்துவிடுகிறது. அதன் இடத்தில் புதிய நெருக்கத்தை வளர்க்கத் தெரியாதபோது, எழுதுபவர்கள் சந்தேகத்தையும் சூழ்ச்சியையும் புகுத்திக் கதையை நீட்டுகிறார்கள். இதை எழுத்தின் தோல்வியாகவே நான் கருதுகிறேன்.

திரையில் மட்டுமே கண்ட இருவரை இழந்ததுபோல் வருந்துவதற்கும் வெட்கப்பட வேண்டாம். தொலைக்காட்சியில் தோன்றுவோரிடம் பார்வையாளர் கொள்ளும் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தொடரை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, முடிவைத் திட்டமிட்டே தொடங்கும் குறுந்தொடர்களைப் பாருங்கள். கொரியத் தொடர்களில் பல 16 பகுதிகளில் முடிந்துவிடுவதால், காதல் கனிந்த பிறகு கதையை இழுக்க வேண்டிய தேவை அவற்றில் குறைவு. பழைய தொடரின் முதல் சில பகுதிகளையும் ஒருமுறை மீண்டும் பாருங்கள். முடிவு தெரிந்த கண்களுக்கு அந்தத் தொடக்கத் தயக்கங்கள் இன்னும் அழகாகத் தெரியும்.