"பேசணும்" என்று சொல்லாதீர்கள் தங்கச்சி

மதுரையிலிருந்து கொழும்பு வந்து 3 மாதம், வெள்ளவத்தையில் டே கேர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் பழகிய யாழ்ப்பாணத்து மிஸ் திடீரென்று முகம் கொடுப்பதில்லை, சிங்கள ஆயாவோடு பேச மொழி இல்லை, எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் கேள்வி. நான் திருச்சியிலிருந்து வந்து 14 வருடம் ஆகிறது. கொழும்பின் காலி வீதி (Galle Road) பக்கம் இதே வேலைதான்.

முதலில் அந்த மிஸ். அவரிடம் "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சொன்னீர்களா, யோசித்துப் பாருங்கள். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. "அம்மா பேசினவா" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், அம்மா திட்டினாள் என்று அர்த்தம். நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். நான் வந்த புதிதில், ஒரு பிள்ளையின் அப்பா நிற்கும்போதே ஒரு மிஸ்ஸிடம் "சாயந்திரம் உங்ககிட்ட பேசணும்" என்றேன். நவராத்திரிக்குப் பிள்ளைகளுக்கு என்ன பாட்டு சொல்லித்தரலாம் என்று கேட்கத்தான். அன்று மதியம் அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. நம் ஊரில் உரிமையோடு சொல்லும் நீ, வா, போ எல்லாம் இங்கே வேலை இடத்தில் வேண்டாம். சின்னப் பிள்ளையைக்கூட "வாங்கோ, இருங்கோ" என்று கூப்பிடுகிறவர்கள் அவர்கள்.

ஆயா விஷயம்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. காலையில் கேட்டில் பிள்ளையைக் கையில் வாங்குவது யார்? பெரும்பாலும் அவர்தான். ராத்திரி தூங்கவில்லை, வயிறு சரியில்லை என்று அம்மாமார் அவசரத்தில் சொல்லிவிட்டு ஓடுவதும் அவரிடம்தான். ஒருநாள் 2 வயதுக் குழந்தைக்கு உடம்பு சுட்டது. வீட்டிலிருந்து பையில் வந்த பனடோல் (காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால்) சிரப்பை எடுத்து அளவு மூடியில் ஊற்றிவிட்டேன். ஆயா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "எபா, எபா" என்றார். வேண்டாம் என்று சொல்கிறார். சுவர்க் கடிகாரத்தில் 10 மணியைத் தொட்டுக் காட்டினார். அம்மா கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அப்போது மணி 11. அந்த மருந்துக்குக் குறைந்தது 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆயாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிற இடமாக இருந்திருந்தால் அவர் என் கையைப் பிடித்திருப்பாரா? இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

மறுநாளே ஒரு நோட்டு போட்டோம். மருந்து, பால், தூக்கம், காய்ச்சல், கூட்டிப்போக யார் வருவார், எல்லாம் நேரத்தோடு. தமிழிலோ சிங்களத்திலோ, எழுத வந்த மொழியில் எழுதலாம். ஆம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்று அதன் அட்டையிலேயே இருக்கிறது. ஆயா உட்பட எல்லோருக்கும் அது மனப்பாடம்.

சிங்களம் பயப்படுகிற அளவு தூரமில்லை. அக்கா என்றால் அவர்களுக்கும் அக்காதான், அப்படியே கூப்பிடுங்கள். தங்கைக்கு நங்கி. "கன்ன" சாப்பிடுங்கள், "பொன்ன" (bonna என்று சொல்ல வேண்டும்) குடியுங்கள், "என்ன" என்றால் வாருங்கள். கடைசியில் இந்த "ன்ன" வந்தால் மரியாதை. "வரெங்" என்று யாரோ சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லிவிடாதீர்கள், அது நம் வாடா போடா மாதிரி.

அப்புறம் ஒன்று. கூட வேலை செய்பவர் தப்பு செய்தால் அம்மா அப்பா முன்னாலோ பிள்ளைகள் முன்னாலோ திருத்தாதீர்கள். பிள்ளைக்கு அந்த நிமிடமே ஆபத்து என்றால் மட்டும் தயங்க வேண்டாம். மற்றதெல்லாம் பிள்ளைகள் தூங்கிய பிறகு, தனியாக.

அந்த மிஸ்ஸின் கோபத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம். நாளைக்குப் பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "மிஸ், உங்களோட கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேளுங்கள்.