பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கக் கோயில், தேவாலயங்களைச் சேர்த்துக்கொள்வதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஐயரையும் பாதரையும் மேடையில் இருத்திப் பேச வைப்பதால் அல்ல.

நீங்கள் ஏதோ நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் இயக்கத்துக்காக நவம்பர் 25க்கும் டிசம்பர் 10க்கும் இடையில் ஒரு நிகழ்ச்சி வைக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பெரும்பாலும் ஐயர் பூசைக்குப் பொறுப்பானவர், அவ்வளவுதான். யாருக்கு எந்தத் திருவிழா, யாருக்குக் காளாஞ்சி என்ற கோயில் மரியாதை என்று முடிவெடுப்பது கோயிலை நிர்வகிக்கிற பரிபாலன சபை. நீங்கள் கதைக்க வேண்டியது அவர்களோடு.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் சித்தியின் மகளால். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஊரைச் சொல்ல மாட்டேன். மனிசன் குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி. அவள் பொலிசுக்கும் போகவில்லை, விதானையார் என்கிற கிராம சேவகரிடமும் போகவில்லை, ஐயரிடம்தான் போனாள். அவர், "சனி மாறட்டும் பிள்ளை, அதுவரைக்கும் பொறுத்துப் போ, சனிக்கிழமையில் எள்ளெண்ணெய் எரி" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். அவளும் எரித்தாள். பிறகு ஒருநாள் கை வீங்கி என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள்.

அந்த மனிசன் எங்கள் கோயிலில் ஒரு திருவிழாவின் செலவை ஏற்கிற உபயகாரன். பட்டு வேட்டியோடு முன்னுக்கு நின்று காளாஞ்சி வாங்குகிறவன். அதனால் நானும் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் சிலரும் சபைத் தலைவர் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர். "குடும்ப விசயத்தில் கோயில் தலையிடலாமோ" என்று முதலில் இழுத்தார். "அவனுக்குச் சபையில் வைத்து மரியாதை செய்கிறது கோயில்தானே ஐயா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அவனைக் கூப்பிட்டு, "பெண்சாதிக்குக் கை நீட்டினால் இந்த வருசம் காளாஞ்சி இல்லை" என்று சபையார் முன்னால் சொன்னார். அவளிடம், "நீ கோட்டுக்குப் போ பிள்ளை, கோயில் உன்னைக் குறை சொல்லாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் போல. இலங்கையில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலிருந்தே இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அவளுக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாத விசயம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் தடுத்தது.

இப்போது அவன் தாயார் வீட்டில், இவள் பிள்ளைகளோடு தன் சீதன வளவில். கோயில் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டது என்று கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் வீங்கிய கையோடு நின்றபோது அவர்களில் ஒருவரும் வரவில்லை.

"சட்டம் இருக்கும்போது சாமி எதற்கு" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். 2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று வந்தது. சட்டம் வந்து பதினான்கு வருசத்துக்குப் பிறகு வந்த கணக்கு இது. நான் கோயிலுக்கு எதிரானவளும் இல்லை, வருசம் தவறாமல் நல்லூருக்குப் போகிறவள். கோயில் மாறாது என்பதையும் ஏற்க மாட்டேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவே ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராட வேண்டியிருந்தது. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைச் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி என்ற பெண்மணி தலைமை தாங்கி நடத்தி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் வைத்திருந்தார். ஆனால் எங்கள் ஊர்ச் சபையில் இன்றைக்கும் ஒரு பெண் இல்லை. மாலை கட்டுவதும் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவதும் நாங்கள். பரீட்சைக் காலத்தில் விடிய நாலு மணிக்கு ஒலிபெருக்கி போடாதீர்கள் என்று பிள்ளைகளுக்காகக் கேட்டதற்கும் எங்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு பெண் சபையில் இருந்திருந்தால் அதையாவது கேட்டிருப்பார்கள்.

தேவாலயப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. என் சிநேகிதி சொல்வது, கலியாணப் பிரசங்கத்தில் மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை அழுத்திச் சொல்கிறவர்கள், அதே எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் புருசன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்று வருவதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்களாம். உலகத் திருச்சபைகள் மன்றம் வன்முறைக்கு எதிராக வியாழக்கிழமையில் கறுப்பு உடுக்கச் சொல்கிறது, அவள் உடுக்கிறாள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் கூப்பிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அடிபட்ட பெண் ஒருத்தி கோயில் வாசலுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். அறிவித்தல் பலகையில் திருவிழா விபரத்துக்குப் பக்கத்தில் பெண்கள் உதவி இலக்கம் 1938ஐயும் போடச் சொல்லுங்கள்.