முகவர் காட்டிய இரண்டு கோடுகள்: கனடாவின் வேலையின்மையும் இலங்கையின் வேலையின்மையும்

மல்லாவியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகன் உயர்தரம் முடித்து மூன்று வருடமாகியும் நிரந்தர வேலையில்லை. வவுனியாவில் உள்ள ஒரு முகவர் இரண்டு கோடுகள் கொண்ட வரைபடத்தைக் காட்டி, கனடாவில் 2020இலிருந்து வேலையின்மை விழுந்துகொண்டே வருவதால் அங்கே ஆள் தட்டுப்பாடு என்கிறார். அதே தாளில் இலங்கையின் வேலையின்மை கனடாவினதை விடக் குறைவாகவும் இருக்கிறது. எதை நம்புவது? வயலை ஈடு வைத்துப் பணம் கட்டலாமா?"

வயலை ஈடு வைக்க வேண்டாம். அந்தத் தாளை வைத்து அப்படியொரு முடிவுக்கு வரவே முடியாது.

உங்களைக் குழப்பிய எண்களிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையின் வேலையின்மை வீதம் 2023இல் 4.7 சதவீதம், கனடாவினது 2024இல் 6 சதவீதத்துக்கு மேல். இரண்டும் உண்மையான எண்கள்தான், ஏறத்தாழ ஒரே வரைவிலக்கணப்படி எடுக்கப்பட்டவையும்கூட. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் 'வேலையுள்ளவர்' என்றே பதியப்படுவார். வேலையே இல்லாமல், அதைத் தேடிக்கொண்டும், கிடைத்தால் உடனே ஏற்கத் தயாராகவும் இருப்பவர் மட்டுமே 'வேலையற்றவர்'. பெரும்போகத்தில் உங்கள் வயலில் கூலியில்லாமல் நின்ற மகன், அந்த வாரத்தில் அலுவலர் வீட்டுக்கு வந்திருந்தால், வேலையுள்ளவராகவே எழுதப்பட்டிருப்பார். தேடித் தேடிச் சலித்து வீட்டில் இருந்துவிட்டாலோ தொழிற்படைக்கே, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த கணக்குக்கே, வெளியே போய்விடுவார். அப்போதும் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார்.

கனடாவில் வேலை பறிபோனவர், போதிய காலம் கட்டணம் செலுத்தியிருந்தால், காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு தன் தகுதிக்கேற்ற வேலையைத் தேடலாம். இங்கே அப்படியொரு காப்புறுதி இல்லாததால், கிடைக்கிற கூலிக்குப் போகாமல் இருக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வழியில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிய ஆண்டு அது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டில் வேலையின்மை வீதம் முந்தைய ஆண்டின் 5.1இலிருந்து 4.7க்குக் குறைந்தது. தொழில் பெருகியதால் வந்த குறைவு அல்ல அது. அதே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். போனவர்கள் இங்குள்ள வேலையற்றோர் கணக்கில் வருவதில்லை.

ஆகவே இரு நாடுகளையும் ஒப்பிட விரும்பினால், 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கனடாவில் அது 60க்கு மேல், இலங்கையில் 50க்கும் கீழ். நம் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான் தொழிற்படையிலேயே இருக்கிறார். உங்கள் வீட்டு நிலைமைக்கு ஒத்துப்போகும் எண் இதுதான்.

இலங்கைக் கோட்டில் இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1990இல் 15.9 சதவீதத்தில் தொடங்கி 5க்குக் கீழே இறங்கும் அந்த அழகான சரிவு, பாதித் தூரம்வரை நம்மைச் சேர்க்காமல் வரையப்பட்டது. இந்த எண்களைத் தரும் தொழிற்படை மதிப்பீடு 1990 முதல் 2002 வரை வடக்கிலும் கிழக்கிலும் நடத்தப்படவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் சேர்த்தார்கள், சில ஆண்டுகள் விட்டார்கள். 25 மாவட்டங்களும் தொடர்ச்சியாக உள்ளே வந்தது 2011இலிருந்துதான். 2011க்கு முன்னுள்ள புள்ளியையும் பின்னுள்ள புள்ளியையும் ஒரே கோட்டால் இணைப்பதை நான் ஏற்பதில்லை. இன்றும் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 வீடுகளே தெரிவாகின்றன. ஒரு மாவட்டத்துக்கு வருவது அதில் சிறு பங்கு. பிரதேச செயலகங்கள் கேட்ட படிவங்களையெல்லாம் சலிக்காமல் நிரப்பிக் கொடுத்த மக்களுக்கு, துணுக்காயில் எத்தனை இளைஞர் சும்மா இருக்கிறார்கள் என்று நம்பத்தகுந்த ஓர் எண்ணைத் தர இத்தனை ஆண்டுகளாக இந்த அமைப்பால் முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் முகவர்கள் தாளோடு வந்து உட்காருகிறார்கள்.

அவர்கள் செய்யும் வித்தை பழையது: கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தங்களுக்கு வாய்ப்பாகத் தெரிவுசெய்வது. 2020 மே மாதத்தில் கனடாவின் வேலையின்மை 13 சதவீதத்தைத் தாண்டியது பெருந்தொற்றுக்காகக் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டதால். அவை திறந்ததும் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். 2022 நடுப்பகுதியில் வீதம் 5க்குக் கீழே வந்தது. உங்கள் முகவரின் கோடு அங்கேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பின் வீதம் மீண்டும் ஏறி, 2024இல் 6ஐக் கடந்தது. இன்னும் பின்னே போனால் 1993இல் 11க்கு மேலும், 2009இல் 8க்கு மேலும் நின்ற நாடு அது. இரு கோடுகளுக்கும் இடப்பக்கத்தில் ஓர் அளவும் வலப்பக்கத்தில் வேறோர் அளவும் போட்டிருந்தால், இரண்டையும் ஒப்பிடவே முடியாது; அந்தத் தாளை அங்கேயே மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

முகவர் சொல்லாமல் விட்டதுதான் உங்களுக்கு மிக முக்கியமானது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அங்குள்ள முதலாளி பெற வேண்டிய எல்.எம்.ஐ.ஏ. அனுமதி, வேலையின்மை வீதத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது. 2024 செப்டெம்பர் 26 முதல், 6 சதவீதமோ அதற்கு மேலோ வேலையின்மை உள்ள பெருநகரப் பகுதிகளில் குறைந்த ஊதிய வேலைகளுக்கான விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை. பார்க்கப்படுவது அந்த நகரத்தின் வீதம், நாட்டின் சராசரி அல்ல. பட்டியலும் காலாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. கனடா என்று மட்டும் சொல்லி, ஊரின் பெயரைச் சொல்லாத முகவரிடம் வேலையே இல்லை என்று கொள்ளுங்கள்.

விவசாயத்துக்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. வன்னியில் இதைச் சொல்லித்தான் அதிகம் ஏமாற்றுவார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கனடாவுக்குப் பருவகாலத் தோட்ட வேலைக்குப் போவோர் பற்றிய படங்களைக் காட்டுவார்கள். அந்தப் பருவகாலத் திட்டம் மெக்சிக்கோவுக்கும் கரிபியன் நாடுகளுக்கும் உரியது, இலங்கையர் அதில் சேர முடியாது. மற்ற நாட்டவருக்கும் திறந்திருக்கும் தனி விவசாயப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் போவதானாலும் பெயருள்ள ஒரு பண்ணை, அந்தப் பண்ணைக்குக் கிடைத்த அனுமதி, எழுத்தில் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வேண்டும். நெல் விதைக்கத் தெரியும் என்பதால் தானாக இடம் கிடைக்காது. எந்தத் தொழிலானாலும் எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பக் கட்டணம் முதலாளியுடையது. அதைத் தொழிலாளியிடம் அறவிட அங்கே சட்டம் இடம் தரவில்லை. விவசாய வேலைகளுக்கு அந்தக் கட்டணமே இல்லை. 'எல்.எம்.ஐ.ஏ.க்கு' என்று உங்களிடம் இலட்சக்கணக்கில் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசியுங்கள். முதலில் உல்லாசப் பயண விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கு இடமளித்த தற்காலிக ஏற்பாடும் 2024 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தந்த உரிம இலக்கத்தையும், இந்த வேலைக்குப் பணியகம் அளித்த அனுமதியையும், கனடாவில் உள்ள முதலாளியின் பெயரையும் ஊரையும் எழுத்தில் கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அவற்றைச் சரிபாருங்கள். அதுவரை வயல் உறுதி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும், கடவுச்சீட்டு மகனின் கையிலேயே இருக்கட்டும்.