காலமா மாறியது?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே இருக்கும் பலர் ஹெசில் ரோட்டுக்காரர்கள், மீன்பிடிக் கப்பல் குடும்பங்கள். தினமும் ஒரே பேச்சுதான். கதவைப் பூட்டியதே இல்லையாம், யார் வீட்டுப் பிள்ளையும் யார் வீட்டிலும் சாப்பிடுமாம். கொல்லைப்புறக் கழிப்பறை, தகரத்தொட்டிக் குளியல் என்றும் அவர்களே சொல்கிறார்கள். வறுமையை எப்படி இவ்வளவு ஆசையாக நினைக்க முடிகிறது? காலம் மாறத்தானே செய்யும்? இவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? செல்போனில் பதிவு செய்து வைக்கலாமா?

எஸ்., ஹல்

அன்புள்ள எஸ்.,

1990களில் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, ஹெசில் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தேன். அந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளப்பிவிட்டது.

பதிவு செய்யுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நம்பலாமா என்றால், நம்புங்கள். கதவு பூட்டாமல்தான் இருந்தது. ஆண்கள் ஐஸ்லாந்துப் பக்கமும் வடதுருவக் கடலில் பியர் தீவுப் பக்கமும் மூன்று வாரம் கடலில் இருப்பார்கள், மூன்று நாள் வீட்டில் இருப்பார்கள். வந்த மூன்று நாளும் டாக்ஸியும் புதுச் சூட்டுமாகப் பணம் பறக்கும். 'மூன்று நாள் கோடீஸ்வரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். மற்ற நாட்களில் தெரு முழுக்கப் பெண்கள்தான். கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் செய்தி சொல்ல, மீனவர்களுக்கான கிறிஸ்தவ மிஷனிலிருந்து ஒருவர் நடந்து வருவார். அவர் தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் வாசலுக்கு வந்து, யார் வீட்டு முன்னால் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவர் போன பிறகு அந்த வீட்டுக்குள் எல்லோரும் ஓட வேண்டும். அதற்குப் பூட்டாத கதவு வேண்டும். ஹல்லிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் 6,000 பேருக்கு மேல்.

'வறுமையை ஆசையாக நினைக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தகரத்தொட்டியையா அவர்கள் கேட்கிறார்கள்? அதைச் சுமந்து, வெந்நீர் ஊற்றி, பிள்ளைகளை வரிசையாகக் குளிப்பாட்டிய கைகள் அவை. சரி, இதை விடுங்கள்.

என்னால் விட முடியாதது உங்கள் இன்னொரு வரி. 'காலம் மாறத்தானே செய்யும்.' அந்த முதியவர்கள் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. ஹெசில் ரோட்டைக் காலம் மாற்றவில்லை. ஆட்கள் மாற்றினார்கள், முடிவெடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து. மீன்பிடிக் கப்பல்கள் வந்து நின்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் துறையைக் கப்பல்களுக்கு மூடியது 1975இல். மறு வருடம் பிரிட்டனும் ஐஸ்லாந்தும் உடன்படிக்கை செய்துகொண்டன, 200 மைல் கடல் ஐஸ்லாந்தின் கைக்குப் போயிற்று. ஐஸ்லாந்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மீனை நம்பியே வாழ்ந்த சின்ன நாடு, தன் கடலைக் கேட்டது. ஆனால் இந்தப் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். முப்பது வருடம் கடலுக்குப் போனவனுக்கும் வேலையிழப்புப் பணம் கிடையாது என்றார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறவன், கரைக்கு வந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது, அதனால் அவன் தற்காலிகத் தொழிலாளி. இதுதான் காரணம்! அரசு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தபோது வருடம் 2000. எத்தனை பேர் அதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்? இதையெல்லாம் செய்தது காலமா?

வீடுகளும் அப்படித்தான். அவை மோசமான வீடுகள், நல்ல வீடு அவர்களுக்கு வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. இடித்துவிட்டு ஆர்ச்சர்ட் பார்க், பிரான்ஸ்ஹோம் என்று நகரின் வடகோடிக்குக் குடும்பங்களை அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் தெரு தப்பியது. ஆனால் எதிர்ச் சந்தில் இருந்த அவருடைய தோழிக்கு பிரான்ஸ்ஹோமில் வீடு கிடைத்தது. குளியலறை, தோட்டம் எல்லாம் உண்டு. அவளைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதலில் வாரம் ஒரு தடவை போனாராம், அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு.

அந்த அம்மா பழைய நாட்களைப் புகழ்ந்து மட்டும் பேசியவர் இல்லை. 1968 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சில வாரங்களுக்குள் செயின்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாண்ட் என்று மூன்று டிராலர்கள் மூழ்கின. 58 பேர் போனார்கள், பிழைத்தவர் ஒரே ஒருவர். முதல் கப்பல் ரேடியோ இயக்க ஆளே இல்லாமல் போயிருந்தது. மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த லிலியன் பிலோக்கா தெருப் பெண்களைத் திரட்டினார். கப்பல்களில் பாதுகாப்பு வேண்டும் என்று 10,000 கையெழுத்து வாங்கினார், ரேடியோ ஆள் இல்லாத கப்பலில் தானே குதித்து ஏறுவேன் என்று துறையில் போலீஸோடு மல்லுக்கட்டினார், லண்டனுக்குப் போய் மந்திரிகளைப் பார்த்துக் கேட்டதை வாங்கிவந்தார். அதற்குப் பரிசாக வேலை போயிற்று, மிரட்டல் கடிதங்கள் வந்தன. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் ஹெசில் ரோட்டிலேயே இருந்தார்கள். அவர் 1988இல் இறந்தார். இன்று ஊரே அவரைக் கொண்டாடுகிறது.

"நானும் கையெழுத்துப் போட்டேன்," என்றார் வீட்டுக்கார அம்மா ஒரு நாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் அவளைத் திட்டினபோது நான் வாயைத் திறக்கவில்லை," என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் மேலே சொல்லவில்லை. உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு வாக்கியம் யாரிடமாவது இருக்கும். கதவு பூட்டாத கதையைப் பத்துத் தடவை பொறுமையாகக் கேட்டால் பதினோராவது தடவை அது வரும். நம்பலாமா, கூடாதா என்று எடை போடுகிற முகத்தைப் பார்த்தால் வராது, எஸ்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன புதிதில் அந்த அம்மா என்னை அவமதிப்பதாக நினைத்து வருந்தியிருக்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்று கையசைத்தால் பதிலுக்குக் கையசைக்க மாட்டார், சட்டென்று உள்ளே திரும்பிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்தான் விளக்கினார். புருஷன் கப்பலேறும்போது மனைவி கையசைக்கக் கூடாது, அலை கொண்டுபோய்விடும். அன்றைக்குத் துணியும் துவைக்கக் கூடாது, அவன் அடித்துச் செல்லப்பட்டுவிடுவான். 'போறேன்' என்று சொன்னால் வாயில் அடித்து 'வர்றேன்னு சொல்லு' என்று திருத்திய பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்தேன். அவர் வெளியே வரவில்லை. கொல்லையில் துணி கொடி காலியாகக் கிடந்தது. அன்று திங்கட்கிழமை, அவர் துவைக்கிற நாள்.